தையல் கிளாஸ் முடிஞ்சுது, சம்பாத்தியம் எங்க? பெண்களுக்கு தொழில் பயிற்சி நடத்துறவங்களுக்கு ஒரு கைடு

ஏழைப் பொம்பளைங்களுக்கு ஏதாவது பண்ணணும்னு யாரு நினைச்சாலும் முதல்ல வாயில வர்றது தையல் கிளாஸ்தான். ஒரு ஹாலைப் புடிச்சு பத்து மெஷின் போட்டு மூணு மாசம் சொல்லித் தருவாங்க, கடைசி நாள் ஒரு கவுன்சிலரையோ பேங்க் மேனேஜரையோ கூப்பிட்டு சர்டிபிகேட் குடுத்து குரூப் போட்டோ எடுத்துடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தத் தெருவுக்குப் போனீங்கன்னா மெஷின் மேல துவைச்ச துணி மடிச்சு அடுக்கி வச்சிருக்கும். தைக்கத் தெரியாம இல்ல, நல்லாவே தைப்பாங்க. துணி கொண்டாந்து குடுக்க ஆள் இல்ல, வந்த ஒண்ணு ரெண்டு பேர்கிட்டயும் எவ்வளவு கேக்குறதுன்னு தெரியாம குடுத்ததை வாங்கிக்கிட்டு விட்டிருப்பாங்க.

அதனால இதை நான் பயிற்சி எடுக்கிறவங்களுக்கு எழுதல, நடத்துறவங்களுக்கு எழுதுறேன். சின்ன டிரஸ்ட் வச்சிருக்கிறவங்க, ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புல இருக்கிறவங்க, சர்ச், காலேஜ் என்எஸ்எஸ், யாரா இருந்தாலும் சரி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பாத்தத வச்சு சொல்றேன், மத்த ஊர்ல கொஞ்சம் மாறும். கைம்பெண்கள், புருஷன் விட்டுட்டுப் போனவங்க, இருளர் பழங்குடிக் குடியிருப்புல இருக்கிறவங்க, மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள், இவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன். கொஞ்சம் வசதி இருக்கிற வீட்டுப் பொண்ணு எங்க கத்துக்கிட்டாலும் எப்படியாவது பொழைச்சுக்கும், அதுக்கு நம்ம கைடு தேவையில்ல.

முதல்ல ஆளுங்க

நோட்டீஸ் ஒட்டி ஆட்டோல மைக் கட்டி அறிவிச்சா யாரு வருவாங்கன்னா ஏற்கனவே சுயஉதவிக் குழுவுல இருக்கிற, நாலு எழுத்து படிச்ச, மெயின் ரோட்டுகிட்ட வீடு இருக்கிற பொண்ணுங்க வருவாங்க. அவங்களும் வரட்டும், தப்பில்ல. ஆனா நீங்க தேடுற ஆளு அந்த நோட்டீஸை படிக்கவே மாட்டாங்க. நேரா வீட்டுக்குப் போகணும், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, பகல்ல போனா வீட்ல யாருமே இருக்க மாட்டாங்க, எல்லாம் கூலிக்குப் போயிருப்பாங்க. ஊர்ல யாரைப் போய் பாக்கலாம்னு விஏஓகிட்ட கேக்குறத விட ரேஷன் கடைல கேளுங்க, அங்கன்வாடி டீச்சர்கிட்ட கேளுங்க, அவங்களுக்குத்தான் எந்த வீட்ல யாரு தனியா புள்ளைங்கள வச்சுக்கிட்டு கஷ்டப்படுறாங்கன்னு தெரியும்.

இருளர் குடும்பங்கள்னா காலண்டர் பாத்துக்கங்க. தை மாசம் தாண்டினா நிறைய குடும்பம் அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு செங்கல் சூளைக்கு மொத்தமா கிளம்பிடும், மழை வர்ற வரைக்கும் திரும்பாது. பிப்ரவரில பேட்ச் ஆரம்பிச்சுட்டு “வரேன்னு சொன்னவங்க வரல, அவங்களுக்கு அக்கறை இல்ல”ன்னு ரிப்போர்ட் எழுதுறவங்கள பாத்திருக்கேன், எரிச்சலா வரும்.

அப்புறம் நேரம். காலைல பத்து மணிக்கு முன்னாடி எந்தப் பொம்பளையாலயும் வர முடியாது, மூணரைக்கு மேல இருக்கவும் முடியாது, ஸ்கூல் விட்டு புள்ளைங்க வந்துடும். பத்தரைலேர்ந்து மூணுன்னு வைங்க. இடத்தை டவுன் பஸ் நிக்கிற ஸ்டாப்புக்கு பக்கத்துல புடிங்க, 2021லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, ஆனா ஷேர் ஆட்டோல வரணும்னா தினம் நாப்பது ரூபா ஆயிடும், அந்த நாப்பது ரூபாதான் ரெண்டாவது வாரம் ஆளை நிறுத்துற விஷயம். வாடகை கம்மியா இருக்குன்னு உள்ள தள்ளி இடம் புடிக்காதீங்க. கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு ஒரு தூளி கட்ட இடமும் பாத்துக்க ஒரு பாட்டியும் இருந்தா போதும். அந்தப் பாட்டிக்கு சம்பளம் குடுங்க, சும்மா புடிச்சு வச்சுக்காதீங்க.

பெரிய பிரச்சனை கூலி இழப்பு. ஒரு மாசம் கிளாஸுக்கு வந்தா ஒரு மாச கூலி போச்சு, அந்த வீட்டுக்கு அது தாங்காது. உங்ககிட்ட ஸ்பான்சர் இருந்தா மெஷின் எண்ணிக்கையை குறைச்சுட்டு அந்தக் காசுல தினப்படி குடுங்கன்னுதான் சொல்வேன். பத்து மெஷினும் பட்டினி கிடக்கிற பத்து பேரும் இருக்கிறத விட அஞ்சு மெஷின்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து மதியம் ஒரு சாப்பாட்டோட கத்துக்கிறது மேல்.

என்ன தொழில்னு யாரு முடிவு பண்றது

நாம பண்ணக்கூடாது. 1978ல மெட்ராஸ்ல ஜெயா அருணாச்சலம் உழைக்கும் மகளிர் பேரவைங்கிற சங்கத்தை ஆரம்பிச்சப்போ அதுல சேந்தவங்க நிறைய பேர் கூடைல பூவும் காயும் மீனும் வித்துக்கிட்டிருந்த பொம்பளைங்கதான். அவங்களுக்கு யாரும் வியாபாரம் சொல்லித்தர வேண்டியிருக்கல, காலைல வாங்கி சாயங்காலம் வட்டியோட திருப்பிக் குடுக்கிற கடன்லேர்ந்து வெளிய வர சின்ன முதல்தான் வேண்டியிருந்துது. இன்னைக்கும் இதேதான். உங்க லிஸ்ட்ல இருக்கிற பத்து பேர்ல மூணு பேருக்காவது ஏற்கனவே ஒரு கை வேலை இருக்கும், ஒருத்தவங்க நல்லா இட்லி சுடுவாங்க, ஒருத்தவங்க ஆடு வளக்கத் தெரிஞ்சவங்க, ஒருத்தவங்க கருவாடு வாங்கி விப்பாங்க. அவங்கள புடிச்சு தையல் மெஷின்ல உக்கார வைக்கிறது வீண் வேலை.

கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை குடுங்க. ஒவ்வொருத்தரும் அவங்க தெருவுல இருபது வீட்டுக்குப் போய் ஒரே கேள்வி கேக்கணும்: போன மாசம் வெளிய காசு குடுத்து என்ன வேலை செஞ்சுக்கிட்டீங்க, எங்க போய் செஞ்சீங்க, எவ்வளவு ஆச்சு? “நான் கடை போட்டா வருவீங்களா”ன்னு கேக்கக்கூடாது, எல்லாரும் வரேன்னுதான் சொல்வாங்க, நம்ம ஜனங்களுக்கு முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல வராது. போன மாசம் நிஜமா செலவு பண்ண காசு பொய் சொல்லாது. எழுதத் தெரியாதவங்க புள்ளைய கூட்டிட்டுப் போய் எழுதிக்கிட்டு வரட்டும்.

அந்த லிஸ்ட்டை வச்சு பாத்தா பாதி முடிவு தானா வந்துடும். தெருவுல ஏற்கனவே நாலு டெய்லர் இருக்காங்களா, அப்போ அஞ்சாவது ஆளுக்கு பிளவுஸ் வராது, ஆனா புடவைக்கு ஃபால்ஸ் பிக்கோ அடிக்க எல்லாரும் டவுனுக்குப் போறாங்கன்னா அங்க ஒரு ஓட்டை இருக்கு.

மத்த தொழிலைப் பத்தி சுருக்கமா. சிப்பிக் காளான் நல்ல தொழில், வைக்கோலும் ஒரு குடிசையும் போதும், பை போட்டு ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல அறுவடை வந்துடும். ஆனா நம்ம பக்கம் சித்திரை வெயில்ல குடிசைக்குள்ள சூட்டை அடக்குறது லேசுல முடியாது, பறிச்ச காளான் ஒரு நாளுக்கு மேல வெளிய தாங்காது, அதனால காலைல பறிச்சா சாயங்காலத்துக்குள்ள வாங்குற கடை முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும். திண்டிவனத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, இந்த மாதிரி நிலையம் பெரும்பாலான மாவட்டத்துல இருக்கு, அங்க கேட்டா சொல்லித் தருவாங்க. மசாலாப்பொடி, ஊறுகாய்னா வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைல லைசென்ஸ் வேண்டாம், வெறும் பதிவு போதும், கட்டணமும் ரொம்பக் கம்மி. ஆனா அந்தப் பதிவு நம்பர் இல்லாம பாக்கெட் போட்டு கடைக்குக் குடுக்க முடியாது, லேபிள்ல பேரு, எடை, விலை, என்னென்ன சேத்திருக்கு, பேக் பண்ண தேதி, எது வரைக்கும் நல்லாருக்கும், செஞ்சவங்க விலாசம் எல்லாம் வேணும். குழுவுல இருக்கிறவங்கன்னா குழுக்கள் செய்ற பொருளுக்கான அரசோட மதி பிராண்டுல, மதி அங்காடில வைக்க முடியுமான்னு மகளிர் திட்ட ஆபீஸ்ல கேளுங்க. பியூட்டி பார்லர் டவுனுக்கு ஓகே, கிராமத்துல கல்யாண சீசன் தவிர ஓடாது. ஆட்டோ ஓட்டணும்னு யாராவது கேட்டா சிரிக்காதீங்க, சென்னைல 2025 மார்ச்ல பிங்க் ஆட்டோ திட்டமே வந்தாச்சு.

நீங்களே நடத்தணுமா?

பல நேரம் வேண்டாம். ஆர்செட்டின்னு ஒண்ணு இருக்கு, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், மாவட்டத்துக்கு ஒண்ணு, ஒரு பேங்க் பொறுப்புல நடக்குது. 1982ல கர்நாடகால தர்மஸ்தலா பக்கத்து உஜிரேல ஆரம்பிச்ச மாடல்தான் பின்னாடி நாடு முழுக்க வந்துது. கிராமத்து ஆளுங்க, 18 வயசு முடிஞ்சிருக்கணும், மேல் வயசு வரம்பை அங்கயே கேட்டுக்கங்க, பயிற்சி, சாப்பாடு, தங்குற இடம் எல்லாமே ஃப்ரீ, தையல் ஒரு மாசம் கிட்ட, சின்ன கோர்ஸ்னா பத்து நாள்ல முடிஞ்சுடும். முடிச்சதும் ரெண்டு வருஷம் கூப்பிட்டு விசாரிச்சு லோனுக்கு உதவி பண்ணணும்ங்கிறது அவங்க விதிலயே இருக்கு. பேங்க் நடத்துறதால லோன் பேசுறதும் கொஞ்சம் ஈஸி.

நம்ம ஆளுங்களுக்கு அங்க இருக்கிற சிக்கல் தூரம்தான். மாவட்டத் தலைநகர்ல ஒரு மாசம் தங்கிப் படிக்கிறது கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கோ சந்தேகப்படுற மாமியார் இருக்கிறவங்களுக்கோ நடக்காது. அதுக்கு ஒரு வழி இருக்கு. 25, 30 பேரை நீங்க சேத்துக் குடுத்து ஒரு ஹாலும் காட்டினீங்கன்னா அவங்க ஊருக்கே வந்து கிளாஸ் நடத்துவாங்க, டைரக்டரைப் பாத்து கேளுங்க. அப்போ டீச்சர் செலவு, மெட்டீரியல் செலவு அவங்களுது, ஆள் சேக்கிறது, புள்ளைங்கள பாத்துக்கிறது, கஸ்டமர் புடிச்சுத் தர்றது உங்களுது. உண்மைல இந்த மூணும்தான் யாரும் செய்யாத வேலை.

கிளாஸ்ல என்ன நடக்கணும்

நீங்களே நடத்தினாலும் சரி, ஆர்செட்டி நடத்தினாலும் சரி, ரெண்டு விஷயத்துல பிடிவாதமா இருங்க.

ஒண்ணு, பேப்பர்ல வெட்டிப் பழகுறது முதல் வாரத்தோட முடியணும். அதுக்கப்புறம் நிஜத் துணி, நிஜ ஆளு. சிலபஸ்ல முதல்ல கர்ச்சீப், அப்புறம் ஜட்டி, அப்புறம் கவுன், கடைசிலதான் பிளவுஸ்னு போகும், அது ஸ்கூல் மாதிரி. தெருவுல முதல்ல வர்ற வேலை என்னன்னா நைட்டிக்கு சைடு புடிக்கிறது, உள்பாவாடை தைக்கிறது, சுடிதார் டாப்ஸை டைட் பண்றது, பையன் பேன்ட்டுக்கு ஜிப் மாத்துறது, புடவைக்கு ஃபால்ஸ். இதெல்லாம் இருபது நிமிஷம், அரை மணி நேர வேலை, முதல் பதினைஞ்சு நாள்லயே கத்துக்கலாம், துணியைக் கெடுத்துடுவோமோங்கிற பயமும் கம்மி. மூணாவது வாரத்துலேர்ந்து ஒவ்வொருத்தரும் அவங்க தெருவுலேர்ந்து வாரத்துக்கு நாலு துணி வாங்கிட்டு வரணும்னு வச்சுடுங்க, டீச்சர் பக்கத்துல இருக்கும்போதே தப்பு நடந்து திருத்தட்டும். கிளாஸ் முடியுற அன்னைக்கு கைல சர்டிபிகேட் இருக்கோ இல்லையோ பேரும் அளவும் எழுதின நோட்டுல பதினைஞ்சு கஸ்டமராவது இருக்கணும்.

பிளவுஸ்ல ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன். நம்ம ஊர்ல கஸ்டமர் உடம்பு அளவு எடுக்கவே விட மாட்டாங்க, பழைய அளவு பிளவுஸ் ஒண்ணைத் தூக்கிப் போட்டு “இதே மாதிரி தைச்சுடு, கை மட்டும் கொஞ்சம் லூஸா”ம்பாங்க. அந்த அளவு பிளவுஸ் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தைச்சது, துவைச்சு துவைச்சு சுருங்கியிருக்கும், அதை அப்படியே விரிச்சு வெட்டினா புதுசு புடிக்கும், திரும்பி வரும். அதனால அளவு பிளவுஸ்லேர்ந்து எப்படி அளவு எடுக்கிறதுன்னு தனியா ஒரு நாள் சொல்லித் தரச் சொல்லுங்க, உள்ள பக்கம் தையலுக்கு ஒண்ணரை இஞ்ச் துணி விட்டு வைக்கவும் பழக்குங்க, பிரிச்சு விட அதுதான் கைகுடுக்கும். புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் மூணு பிளவுஸ் திரும்பி வந்தா அதோட தெருவுல பேரு போயிடும்.

ரெண்டாவது, விலை. ஒரு முழு நாளை இதுக்கு ஒதுக்குங்க, மெஷினைத் தொடவே வேண்டாம், போர்டுல கணக்கு மட்டும். எங்க பக்கத்து ரேட்டுல ஒரு உதாரணம் போடுறேன், உங்க ஊர் ரேட்டை நீங்க போட்டுக்கங்க. லைனிங் பிளவுஸ், லைனிங் துணி நாமளே போட்டு 250 ரூபான்னு வைங்க. லைனிங் துணி 70, நூல், ஹூக், கேன்வாஸ் எல்லாம் சேத்து 10. மிச்சம் 170. இப்போ நேரத்தைக் கேளுங்க. வெட்ட அரை மணி, தைக்க புது ஆளுக்கு ரெண்டரை மணி, ஹெம்மிங், ஹூக்குக்கு அரை மணி, மொத்தம் மூணரை மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு பிளவுஸ், ஏழு மணி நேரம், 340 ரூபா. நூறு நாள் வேலைல 2025-26க்கு தமிழ்நாட்டுக்கு வச்ச கூலி 336. போர்டுல இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா கிளாஸே அமைதியாயிடும், அப்புறம் யாராவது ஒருத்தங்க “இதுக்கு மண்ணே அள்ளலாமே டீச்சர்”ம்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் அடுத்த கணக்கைப் போடுங்க. ஃபால்ஸ் அடிக்க 70 ரூபா, ஃபால்ஸ் துணி 20 போனா 50, அரை மணி நேரம். அதாவது மணிக்கு நூறு. பிளவுஸ்ல மணிக்கு அம்பது கூட வரல.

இந்தக் கணக்கை அவங்களே போட்டாத்தான் மனசுல நிக்கும். பிளவுஸ் தைக்க வேண்டாம்னு அர்த்தம் இல்ல, பிளவுஸுக்கு வர்ற கஸ்டமர்தான் ஃபால்ஸும் குடுப்பாங்க, கை வேகமானா மூணரை மணி ரெண்டு மணியாகும். ஆனா “பக்கத்துக் கடைல 250, நாம புதுசு, 180க்கு தைச்சுக் குடுப்போம்”னு ஆரம்பிச்சா லைனிங், நூல் காசு போக நூறு ரூபாய்க்கு மூணரை மணி நேரம் உழைக்கிறோம்ங்கிறது தெரியும். ரேட்டைக் குறைக்காதீங்க, வேணும்னா முதல் தடவை வர்றவங்களுக்கு ஒரு ஃபால்ஸை ஃப்ரீயா அடிச்சுக் குடுங்க, ரேட்டு அப்படியே நிக்கும். குறைச்ச ரேட்டை திரும்ப ஏத்துறது ரொம்பக் கஷ்டம்.

ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசில போடுற எம்ப்ராய்டரி, இப்போ எல்லாரும் கேக்குறாங்க, கல்யாண பிளவுஸுக்கு ஆயிரக்கணக்குல வாங்குறாங்கங்கிறதும் உண்மைதான். ஆனா கை பழக மாசக் கணக்குல ஆகும், கண்ணு நல்லாருக்கணும், அதை ரெண்டாவது கட்டமா வைங்க.

பேப்பர் வேலையை முதல் நாளே ஆரம்பிங்க

கிளாஸ் முடிஞ்சப்புறம் சான்றிதழுக்கு அலைய ஆரம்பிச்சா சூடு ஆறிடும். யாருக்கு என்ன இல்லன்னு முதல் வாரமே பாத்துடுங்க. ஆதார்ல இருக்கிற பேரும் பேங்க் புக்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கா, ஆதார்ல போன் நம்பர் இணைச்சிருக்கா, அந்த போன் யார் கைல இருக்கு. புருஷன் விட்டுட்டுப் போனவங்களோட ஆதார்ல இன்னும் அந்த ஆளோட நம்பர் இருக்கும், ஓடிபி அவனுக்குப் போகும், இது ரொம்ப சகஜம். கைம்பெண் சான்று, கணவனால் கைவிடப்பட்டவர்ங்கிற சான்று ரெண்டுக்கும் இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். எல்லாத்தையும் விட இழுக்கிறது இருளர் மக்களோட சாதிச் சான்றுதான், பழங்குடி சான்றை தாசில்தார் குடுக்க மாட்டார், ஆர்டிஓ, சப் கலெக்டர் லெவல்ல விசாரிச்சுத்தான் குடுப்பாங்க. சொந்தக்காரங்க யார்கிட்டயாவது ஏற்கனவே சான்று இருந்தா அந்த காப்பியைத் தேடிப் புடிச்சு சேத்து வைங்க, பாதி வேகமாகும்.

சின்னத் தொழிலை மத்திய அரசுல பதியுற உத்யம் பதிவுக்கு அரசாங்கத்துக்கு ஒரு ரூபா கூட கட்ட வேண்டாம், பிரௌசிங் சென்டர்ல ஐநூறு ஆயிரம்னு கேப்பாங்க, குடுக்காதீங்க. ஆதாரும் பான் கார்டும் இருந்தா நீங்களே போன்ல போட்டுக் குடுக்கலாம். பான் இல்லாத சின்னத் தொழிலுக்கு உத்யம் அசிஸ்ட்னு தனி வழி 2023லேர்ந்து இருக்கு, பேங்க் மூலமா பதியலாம்.

இங்க ஒரு பயம் கண்டிப்பா வரும், “தொழில்னு பதிஞ்சா மாசம் வர்ற ஆயிரம் ரூபா நின்னுடுமா?” மகளிர் உரிமைத் தொகைக்கு வச்ச விதில குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், வருஷம் 50 லட்சத்துக்கு மேல வியாபாரம் பண்ணி ஜிஎஸ்டி கட்டுறவங்களுக்கு கிடையாது, இப்படித்தான் இருக்கு. வீட்ல ஒரு மெஷின் வச்சு தைக்கிறவங்க உத்யம்ல பதிஞ்சதால மட்டும் அது நிக்காது. இதை பொறுமையா எல்லாருக்கும் சொல்லுங்க, இந்த ஒரு பயத்தால எத்தனையோ பேர் பதிவே பண்ணாம விட்டுடுறாங்க.

மெஷினும் கடனும்

முதல் மெஷினுக்கு கடன் வாங்க விடாதீங்க, முடிஞ்ச வரைக்கும். 20லேர்ந்து 40 வயசுக்குள்ள இருக்கிற கைம்பெண்கள், கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள், ரொம்ப ஏழைப் பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவச தையல் மெஷின் திட்டம் இருக்கு, மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேக்கணும். அதுக்கு தையல் தெரியும்ங்கிற சான்று கேப்பாங்க, சர்டிபிகேட்டுக்கு இருக்கிற உருப்படியான உபயோகம் இது. கிடைக்க லேட் ஆகும், அது வரைக்கும் பழைய மெஷின் ஒண்ணு வாங்கி வாடகைக்கு விடுங்க. பழசு வாங்கும்போது கடைக்காரர் காட்டுற வழவழ துணில தைச்சுப் பாக்காதீங்க, ஒரு துண்டு ஜீன்ஸும் ஒரு துண்டு ஷிபானும் கைல கொண்டு போங்க, ரெண்டுலயும் நூல் அறுக்காம, தையல் விட்டு விட்டு விழாம ஓடினா வாங்கலாம்.

தொழில் ஓட ஆரம்பிச்சப்புறம் ஓவர்லாக், பிக்கோ மெஷின், கடை அட்வான்ஸ்னு காசு வேணும். அப்போ பேங்க்ல குடுக்கிற முத்ரா கடன், அதுல சிசுங்கிற பிரிவுல 50,000 வரைக்கும், ஜாமீன் சொத்து வேண்டாம். மெஷின் கடைலேர்ந்து கொட்டேஷன் வேணும். முத்ரால மானியம் கிடையாது, இதைத் தெளிவா சொல்லிடுங்க, பாதி பேர் கட்ட வேண்டாத காசுன்னு நினைச்சு வாங்குறாங்க. மானியம் வேணும்னா 35 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு கலைஞர் கைவினைத் திட்டம், தையலும் அதுல உண்டு, 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000, மாவட்டத் தொழில் மையத்துல விண்ணப்பம். ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கு தாட்கோங்கிற அரசு கழகம் வழியா முதலமைச்சர் தொழில் முனைவு திட்டம், 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம். திட்டங்கள் மாறிக்கிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு ஒரு போன் போட்டுக்கங்க, ஒரு நாள் கூலியை விட்டுட்டு போய் வெறுங்கையோட திரும்ப வைக்காதீங்க.

எச்சரிக்கையா இருக்க வேண்டியது மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிங்க குடுக்கிற வாரக் குழு லோன். மத்தவங்க கட்டலன்னா நாம கட்டணும், தையல்ல காசு வாரா வாரம் ஒரே மாதிரி வராது, தவணை மட்டும் ஒரே மாதிரி வரும். கட்டாய வசூலைத் தடுக்க தமிழ்நாட்டுல 2025ல தனிச் சட்டமே போட்டாங்கன்னா நிலைமை எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கங்க. ஏற்கனவே அதுல மாட்டியிருக்கிறவங்களுக்கு புது லோன் எடுத்துக் குடுத்தா அந்தக் காசு பழைய தவணைக்குத்தான் போகும், மெஷினுக்கு வராது. முதல்ல அவங்க மொத்தம் எவ்வளவு கட்டணும்னு உக்காந்து எழுதுங்க.

கிளாஸ் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து

உங்க பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கை இதுக்கு வைங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா வைங்க. முதல் மூணு மாசம் வாரம் ஒரு போன், மாசம் ஒரு தடவை வீட்டுக்கு. போன்ல “எப்படி போகுது”ன்னு கேட்டா “நல்லா போகுது”தான் பதில். இந்த வாரம் எத்தனை துணி வந்துது, எவ்வளவு காசு கைக்கு வந்துது, எவ்வளவு வெளிய நிக்குதுன்னு கேளுங்க.

வெளிய நிக்கிற காசுதான் புது டெய்லரை காலி பண்றது. எல்லாம் சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, “சாயங்காலம் தரேன் அக்கா”ன்னு பிளவுஸைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கே போயிட்டு வந்துடுவாங்க. துணி வாங்கும்போதே லைனிங்குக்கு அட்வான்ஸ் வாங்குறத கிளாஸ்லயே பழக்கிடுங்க, சுவத்துல ரேட் கார்டு ஒட்டி அதுக்குக் கீழ “லைனிங் காசு முன்பணம்”னு எழுதிட்டா வாயால கேக்குற கூச்சம் பாதி போயிடும். கியூஆர் ஸ்டிக்கர் அவங்க பேர்ல இருக்கிற அக்கவுண்டுக்கு இருக்கணும், புருஷன் பேர்லயோ தம்பி பேர்லயோ போட விடாதீங்க. இதுல வீட்ல சண்டை வரலாம், நீங்க போய் பேச வேண்டியும் வரும், அதுக்கும் தயாரா இருங்க.

சீசனையும் கணக்குல எடுத்துக்கங்க. ஆடிலயும் மார்கழிலயும் கல்யாணம் இல்ல, பிளவுஸ் குறையும், புதுசா ஆரம்பிச்சவங்க அந்த மாசத்துல மனசு விட்டுடுவாங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போதும் தீபாவளிக்கு முன்னாடியும் கை ஓயாது. அதனால ஜூலைல பேட்ச் ஆரம்பிச்சா செப்டம்பருக்குள்ள முடிச்சு நேரா தீபாவளி வேலைல இறங்கலாம். அரசு பள்ளி இலவச சீருடைய தைச்சுக் குடுக்கிறது சமூக நலத்துறைக்குக் கீழ இருக்கிற மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள்தான், அதுல உறுப்பினரா சேர இடம் இருக்கான்னு கேட்டு வைங்க. பீஸுக்கு பெருசா காசு வராட்டியும் ஆள் வராத மாசத்துல மெஷின் நிக்காம ஓடும்.

நாலு பேர்ல ஒருத்தங்க இதை விட்டுட்டு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போயிடுவாங்க, மாசச் சம்பளமும் பிஎஃப்பும் கிடைக்குதுன்னு. போகட்டும், சந்தோஷமா அனுப்பி வைங்க, உங்க ரிப்போர்ட்டுக்காக அவங்கள சுயதொழில்ல கட்டிப் போடாதீங்க. நிக்கிறவங்க விஷயத்துல நான் பாக்குறது ஒரே அடையாளம்தான். ஹெம்மிங், ஹூக் வைக்கிற வேலையைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட பிளவுஸுக்கு இவ்வளவுன்னு பேசிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா? அப்போ நீங்க வாராவாரம் போன் பண்றத நிறுத்திக்கலாம்.